காலிங் பெல்லும் பறையும்

நைனா அதன் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "அது" என்பார். கோபம் தலைக்கேறினால் "அந்தக் கருமம்" என்பார். டீவியில் ஏதாவது நிகழ்ச்சியில் அந்தச் சத்தம் வந்தால் ரிமோட்டைத் தேடுவார். ரிமோட் கிடைக்காவிட்டால் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுவார். மற்றபடி பேச்சுக்குக் குறைவில்லாத மனுஷன். பாடியில் தொழிற்சாலையில் லேத் ஓட்டியதை, யூனியன் சண்டையை, கேண்டீன் சாம்பாரில் பல்லி கிடந்த கதையை எல்லாம் நாங்கள் காது புளிக்கக் கேட்டாயிற்று. இதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

அது என்றால் பறை. வட்டமான ஒரு மரச்சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல், அடிக்க இரண்டு குச்சிகள். அவ்வளவுதான் பொருள். அந்த அவ்வளவுதானைப் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் விட்டுவிட்டு ஓடி வந்தவர் எங்கள் நைனா.

எனக்கு இதெல்லாம் அத்தை சொல்லித்தான் தெரியும். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் காலனி முனையில் ஒருவர் வந்து நிற்பாராம். உள்ளே கால் வைக்க மாட்டார். அங்கிருந்தே ஒரு குரல் கொடுப்பார். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போயாக வேண்டும். தாத்தா போவார், கூடவே சின்னப் பையனாக நைனாவும் போவார். சட்டை போட்டுக்கொண்டு போனால் கேள்வி வரும் என்பதால் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போவார்கள். மீசை முளைத்த கையோடு நைனா பாடிக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. தாத்தா செத்தபோது போனார். அவர் பறையை அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாராம்.

பாடி வாடகை வீட்டில் நான் வளர்ந்த காலம் முழுக்க நைனா சட்டை இல்லாமல் இருந்து பார்த்ததில்லை. கத்திரி வெயிலில் கரெண்ட் போய் நாங்கள் எல்லாம் பனியனோடு விசிறிக்கொண்டிருப்போம். அவர் மட்டும் அரைக்கை சட்டை போட்டு, பாக்கெட்டில் பேனா செருகி உட்கார்ந்திருப்பார். அது அவருடைய வழக்கம் என்று நினைத்திருந்தேன். அத்தை சொன்ன பிறகுதான் அந்தச் சட்டை எனக்குப் புரிந்தது.

நான் பருத்திப்பட்டில் ஃபிளாட் வாங்கிக் குடிபோனபோது எல்லாவற்றையும் என்னிடமும் என் மனைவியிடமும் விட்டுவிட்டு ஒரே ஒரு சாமானை மட்டும் நைனா தானே வாங்கிக்கொண்டு வந்தார். காலிங் பெல். ஆவடி மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, குருவி கத்துவது மாதிரி ஒரு பெல்லைப் பிடித்துக்கொண்டு வந்தார். எலெக்ட்ரீஷியன் அதை மாட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு வெளியே போய், கதவைச் சாத்தச் சொல்லி, தானே அழுத்திப் பார்த்தார்.

"இன்னா நைனா, சின்னப் புள்ளையாட்டம்" என்று கேலி செய்தேன்.

"உனுக்கு இன்னாடா தெரியும்? ஊட்டுக்கு வர்றவன் பெல்ல அழுத்திட்டு வெளிய நிக்கணும். நாம தொறந்தாதான் உள்ள வரணும். அதான்டா ஊடு."

தினமும் காலையில் பேப்பர் எடுக்கும்போது ஈரத்துணியால் அந்த பெல் சுவிட்சைத் துடைப்பார். பேப்பர்காரர், கேஸ்காரர், பார்சல் கொண்டுவருகிறவர் என்று யார் பெல் அடித்தாலும் எங்களை எழ விடமாட்டார். "நான் பாக்கிறேன், நீ குந்து" என்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறப்பார்.

இந்த மனுஷன் இருக்கிற வீட்டுக்குத்தான் நான் பறையைக் கொண்டுவந்தேன்.

ஆவடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழு கற்றுக்கொடுக்கிறது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். ஐடி பிள்ளைகள், கல்லூரிப் பெண்கள், வக்கீல் ஒருவர் என்று கலவையான கூட்டம். அங்கே எல்லோரும் அந்தப் பேரை உரக்கச் சொன்னார்கள். பறை, பறை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். ஐம்பதை நெருங்குகிறவன் நான், அந்தச் சொல்லை இப்படியும் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வரும்போது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் பெல் அடித்தபோது கதவைத் திறந்தவர் நைனாதான். என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தார்.

"இன்னாத்துக்குடா இத ஊட்டுக்குள்ள கொண்டார?"

"கத்துக்கிறேன் நைனா. இப்ப எல்லாரும் கத்துக்கிறாங்க. கௌரவமா மேடையில அடிக்கிறாங்க. நீங்க நெனைக்கிற காலம் இல்ல இது."

"எல்லாரும் அடிப்பான். முட்சிட்டு அவன் அவன் ஊட்டுக்குப் போயிடுவான். உன்கிட்டதான்டா அது தங்கிக்கும்."

நான் விடவில்லை. படித்ததை, கேட்டதை எல்லாம் சேர்த்து ஒரு பிரசங்கமே செய்தேன். வெட்கப்பட வேண்டியவன் அடித்தவன் இல்லை, அடிக்க வைத்தவன் என்றேன். அது நிஜம்தான், இன்றைக்கும் நிஜம்தான். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "சாப்ட சொல்லு அவன", "கரெண்ட் பில்லு கட்டிட்டானா கேளு" என்று எல்லாம் என் மனைவி வழியாகத்தான்.

அவர் பேசாமல் இருந்த அந்த மாதங்கள் எனக்கு நரகம். ஆனாலும் பிடிவாதம். நான் நன்றாக அடிக்கக் கற்று, நாலு பேர் கைதட்டி, அதை அவர் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், மனசு மாறிவிடுவார் என்று நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர் என்னிடம் திரும்பப் பேச வேண்டும், அந்தச் சொல்லைச் சொல்லிப் பேச வேண்டும்.

பொங்கலுக்கு எங்கள் அபார்ட்மெண்டில் கலைநிகழ்ச்சி வைப்பார்கள். அசோசியேஷன் செயலாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஐடியில் வேலை, வாய்க்கு வாய் 'ங்க' போடுகிற தங்கமான மனிதர். நான் பறை அடிக்கிறேன் என்றதும் துள்ளிவிட்டார். வாட்ஸப் குழுவில் பெரிய எழுத்தில் போட்டார், மண்ணின் இசை பறை என்று. பி பிளாக் அம்மா ஒருவர் வீணை வாசித்தார். அடுத்து நான். சூடு காட்டித் தோல் விறைத்தால்தான் சத்தம் எழும்பும். ஃபிளாட்டில் நெருப்பு மூட்ட வழியில்லாததால் என் பறையை நான் மனைவியின் ஹேர் டிரையரில்தான் காய வைப்பேன். அன்றைக்கும் அப்படித்தான். அடித்து முடித்ததும் மைக்கை வாங்கி, "இது எங்க தாத்தா அடிச்ச பறை. இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல, பெருமைதான்" என்று சொன்னேன். கை தட்டினார்கள். ஐயோ, அப்படித் தட்டினார்கள். குழந்தைகள் எல்லாம் வந்து தொட்டுப் பார்த்தன. எந்த ஊர் சார் உங்களுக்கு என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றைக்கு இருந்த மிதப்பில் அதற்கும் பெருமையாகவே பதில் சொன்னேன்.

நைனா கீழே இறங்கி வரவில்லை. எங்கள் பால்கனியில் விளக்கு அணைந்திருந்தது.

வெயில் ஆரம்பித்த சமயத்தில் தரைத்தளத்தில் இருந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அன்று வேலை நாள். நான் எஸ்டேட்டில் இருந்தேன். மனைவி மாங்காட்டில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வாட்ஸப்பில் செய்தி பார்த்து, கொஞ்சம் முன்னதாகவே கிளம்பினேன். ஆவடி தாண்டி, எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பியதும் சத்தம் கேட்டது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த கையோடு இன்னொன்றும் தோன்றியது. ஒரே ஒரு ஆள்தான் அடிக்கிறார், ஆனால் என்னமாய் அடிக்கிறார். எங்கள் குழுவில் இப்படி ஒரு அடியை நான் கேட்டதில்லை. யாரோ தெரியவில்லையே, போய்ப் பேச வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது.

கேட்டுக்குள் நுழைந்தேன். கார் நிறுத்தும் இடத்தில் ஃப்ரீசர் பெட்டி, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜனம். ஜெனரேட்டர் பக்கத்துச் சுவரோரம் பார்சல் வந்த அட்டைப்பெட்டிகளைக் கொளுத்திய சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நைனா நின்றிருந்தார்.

சட்டை இல்லை. துண்டு இடுப்பில் கட்டியிருந்தது. நரைத்த மார்பு முடியும், விலா எலும்பும், தொளதொளத்த தோள்பட்டையும் நான் பிறந்ததிலிருந்து பார்க்காதவை. என் பறை அவர் தோளில் தொங்கியது. தலையைத் தரை பக்கம் தொங்கப்போட்டுக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார்.

நான் வண்டியை நிறுத்தக்கூடத் தோன்றாமல் கால் ஊன்றி நின்றேன். பிணத்துக்கு முன்னால் போய், நைனா நிறுத்துங்க என்று எப்படிக் கத்துவது? கத்தினால் அங்கே இருக்கிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவரைத்தான் பார்ப்பார்கள். சும்மா நிற்பதைத் தவிர வழியில்லை. ஒரு பெண் தட்டில் டீ கொண்டுவந்தாள். நாற்காலியில் இருந்தவர்களுக்குக் கையில் கொடுத்தாள். நைனாவுக்கான பேப்பர் கப்பைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள். கை அடித்துக்கொண்டிருக்கிறதே என்று வைத்தாளா, இல்லை அப்படித்தான் வைக்க வேண்டும் என்று வைத்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் என்னைக் கொல்கிறது.

வேன் கிளம்பி, தெருமுனை வரை அதற்கு முன்னால் நடந்து அடித்துவிட்டு நைனா திரும்பி வந்தார். செயலாளர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க. சொல்லி வெச்ச மேளக்காரங்க வேற சாவுக்குப் போயிட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்பதான் உங்க ஞாபகம் வந்துச்சுங்க. பெல் அடிச்சேன், அப்பாதான் திறந்தாரு. நீங்க ஆபீஸ்ல இருக்கீங்கன்னாரு. சரிங்க, வந்ததும் சொல்லுங்கன்னுதான் சொன்னேன். அஞ்சு நிமிஷத்துல அவரே எறங்கி வந்துட்டாருங்க."

"பி பிளாக்ல வீணை வாசிச்சாங்களே, உங்க வீட்டுக் கல்யாணத்துல நாதஸ்வரக்காரர் வரலைன்னா அந்த அம்மா வீட்டு பெல்லை அடிப்பீங்களா?"

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. நிஜமாகவே புரியவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருப்பேன், மனசும் ஆறியிருக்கும்.

"நீங்கதானுங்க சார் மேடையில சொன்னீங்க, எங்க தாத்தா அடிச்சது, வெட்கப்பட ஒண்ணுமில்ல, பெருமைதான்னு. நாங்க எல்லாம் கை தட்டினோமேங்க" என்றார்.

நான் சொன்னதைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். மேடையில் நின்றால் பறை, சாவு விழுந்தால் கூப்பிடுகிற ஆள். இரண்டும் அவருக்கு ஒன்றுதான், நடுவில் இருக்கிற பள்ளம் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதற்குள் விழுந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

மாடிக்குப் போனேன். நைனா குளித்துவிட்டுச் சட்டை போட்டு, பேனாவைச் செருகிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். பறையை எங்கள் அறை அலமாரி மேல், அது இருந்த இடத்திலேயே, பெட்ஷீட்டைச் சுற்றி வைத்திருந்தார். முட்டிவலிக்காரர், நாற்காலி போட்டு ஏறி எடுத்து, ஏறி வைத்திருக்கிறார். மாதக்கணக்கில் என்னிடம் பேசாதவர் அன்றைக்குப் பேசினார்.

"சாப்ட்டியா?"

"ஏன் நைனா போனீங்க? நான் ஆபீஸ்ல இருக்கேன்னு சொன்னீங்க இல்ல? அதோட கதவைச் சாத்த வேண்டியதுதான?"

"சாத்தலாம். சாய்ங்காலம் நீ வந்தா மறுபடியும் பெல்லு அட்ப்பாரு. உன்னக் கூப்டுவாரு." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் எழும்பி இருந்தது. "நீ சண்ட போடுவ, இல்லாங்காட்டி வாய மூடிக்கினு போய் அட்ப்ப. ரெண்டும் வாணாம். எனுக்கு இது பட்ட கைதான். என்னோட போவட்டும்னு எறங்கிட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பது வயசு ஆள் ஹால் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் தலையில் அவர் கை வைத்தார். கொப்புளம் வலித்ததோ என்னவோ, உடனே எடுத்துவிட்டார்.

"ஒண்ணு சொல்லட்டா? சட்டைய கழட்டுன்னு யாரும் சொல்லலடா. கை அதுவா கழட்டிச்சி. கழட்டி முட்சப்புறம்தான் எனுக்கே தெரிஞ்சிது."

அவர் என்னிடம் திரும்பப் பேச வேண்டும் என்று நான் ஏங்கியது நடந்துவிட்டது. இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் வாழ்நாள் முழுக்க அவர் ஊமையாகவே இருந்திருக்கட்டும் என்று வேண்டியிருப்பேன்.

அந்த வாரமே பறையைக் கொண்டுபோய்க் குழுவில் கொடுத்துவிட்டேன். ஏன் சார், ஏன் சார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நேரமில்லை என்றேன். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை, அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. இன்றைக்கும் எங்காவது மேடையில் அந்தப் பிள்ளைகள் அடித்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் மேடை முடிந்து அவரவர் வீட்டுக்குப் போன பிறகு அது யார் வீட்டில் தங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நைனா முதல் நாளே சொன்னார்.

அவர் இப்போதெல்லாம் பேப்பர் எடுக்கும்போது பெல்லைத் துடைப்பதில்லை. ஹாலில் கதவைப் பார்த்த மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். குருவி கத்தினால் போதும், உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. பெல்லை மாற்றிவிடலாம் நைனா, வேறு சத்தம் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். எந்தச் சத்தம் வைத்தாலும் கூப்பிடுகிறவன் கூப்பிடத்தான் செய்வான் என்றார். கீழே பார்க்கும்போது செயலாளர் இன்னும் மரியாதையாகத்தான் கும்பிடுகிறார், அப்பா நல்லா இருக்காருங்களா என்று விசாரிக்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டு லிஃப்டுக்குள் போய்விடுகிறேன். வீட்டை விற்றுவிட்டு வேறு எங்காவது போகலாமா என்று மனைவி கேட்டாள். எங்கே போவது? பாடியிலிருந்து இங்கே வந்தோம். அதற்கு முன்னால் அவர் பூந்தமல்லியிலிருந்து பாடிக்கு வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பால்கனியில் நின்றிருந்த நைனா வேகமாக உள்ளே வந்தார்.

"எதிர் பிளாக்ல பந்தல் போட்டுக்கினு கீறாங்கடா."

"எதுக்காவது இருக்கும் நைனா. காதுகுத்தோ, பர்த்டேவோ."

அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நேராக எங்கள் அறைக்குள் போய் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. வாயில் நுரையோடு ஓடினேன். அலமாரி மேல் கையை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தார்.

"எங்கடா பறை?"

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"குடுத்துட்டேன் நைனா. அது நமக்கு வேணாம். கீழ எறங்குங்க, விழுந்துடப் போறீங்க."

"குடுத்துட்டியா?" நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். என் மேல் கோபம் இல்லை, முகத்தில் வெறும் பயம்தான் இருந்தது. "கூப்ட்டுட்டாங்கன்னா வெறுங்கையோட எப்டிடா போறது?"

அப்போதுதான் கவனித்தேன், அவர் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டிருந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். பெல் இன்னும் அடிக்கவே இல்லை.